காலியாக ஒரு கட்டம்

"எழுதத் தெரியுமா, படம் எடுக்கத் தெரியுமா, இல்ல சும்மா வேடிக்கை பார்க்க வந்தியா?"

மேஜையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான் பல்லு. பல்கலைக்கழக ஆண்டு மலரின் ஆசிரியர், புகைப்படக்காரர், பிழை திருத்துபவர், அறையைப் பெருக்குபவர் எல்லாம் அவனே. கேமராவைப் பிடித்துக்கொண்டு "பல்லு தெரியட்டும், பல்லு தெரியட்டும்" என்று எல்லாரையும் படுத்தி எடுப்பதால் வந்த பெயர் அது. அதில் அவனுடைய சொந்தப் பெயர் எப்போதோ முழுகிப் போயிருந்தது.

"ரெண்டும் தெரியாதுண்ணா. பேச வரும்" என்றாள் முதலாண்டுப் பெண்.

"அப்பாடா. இங்க வர்ற மத்தவங்களுக்கு அதுதான் வராது. உட்காரு."

மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கியிருந்த அந்த அறையில் நாற்காலி ஒன்றுதான். அதில் பல்லு இருந்தான். அவள் பழைய ஆண்டு மலர்களின் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். படிக்க வந்து அரை வருடமாகியும் அவளோடு சேர்ந்து சாப்பிட ஒருத்தி கிடைக்கவில்லை. எங்காவது ஒட்டிக்கொண்டால் போதும் என்றுதான் இங்கே வந்திருந்தாள்.

பல்லு ஒரு பக்கத்தை அவளிடம் தள்ளினான். கட்டம் கட்டமாக இறுதியாண்டு மாணவர்களின் படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி.

"இந்த வரியைப் படத்துல இருக்கிறவங்க எழுதக் கூடாது. அவங்களைத் தெரிஞ்ச யாராவது எழுதி, அதோ அந்தப் பெட்டியில போடணும். நம்ம வழக்கம் அது. சில பேருக்கு யாருமே போடல. அவங்களுக்கு நீ ஆள் பிடிச்சு வரி வாங்கிட்டு வரணும். ஒரு கட்டம்கூட காலியா அச்சுக்குப் போகக் கூடாது. எல்லாத்தையும் நிரப்பிட்டா, உனக்கு இந்த அறையில ஒரு நாற்காலி."

"இருக்கிறதே ஒண்ணுதானேண்ணா."

"முதல்ல நிரப்பு. அப்புறம் பேசலாம்."

அவள் வளாகத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாள். யாரோடும் பேசாத ஒரு பெண்ணுக்கு நூலகர் எழுதிக் கொடுத்தார்: 'புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, எந்தப் பக்கத்தில் அழுதேன் என்று சொல்லிவிட்டுப் போவாள்.' தினமும் தாமதமாக வரும் ஒரு பையனுக்குப் பேருந்து ஓட்டுநர் எழுதினார்: 'இவர் ஓடி வந்து ஏறாமல் நான் வண்டியை எடுத்ததே இல்லை.' எழுதிவிட்டு, "அச்சானதும் எனக்கும் ஒரு புத்தகம் குடும்மா" என்றார்.

கடைசியில் ஒரே ஒரு கட்டம் மிஞ்சியது. அதில் படமும் இல்லை, வரியும் இல்லை. பெயர் மட்டும் இருந்தது.

"இதை விட்டுடு" என்றான் பல்லு.

"ஏண்ணா?"

"அவன் வகுப்புக்கே ஒழுங்கா வர மாட்டான். படம் எடுக்கிற அன்னைக்கும் வந்து நிக்கல. அவனுக்கு யாரு எழுதப் போறா?"

"ஒரு கட்டம்கூட காலியா போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அவன் ஒருத்தனுக்காக அச்சகம் காத்துக்கிட்டிருக்குமா? உனக்கு நாற்காலி கொடுத்தாச்சுன்னே வச்சுக்கோ. போ."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடம் இங்கே இருந்துவிட்டு ஒருவன் வெறும் பெயராகவா போவது?

மறுநாள் அந்த மாணவனின் வகுப்புக்கே போய்ப் பெயரைச் சொல்லிக் கேட்டாள். முதல் வரிசைப் பையன் உதட்டைப் பிதுக்கினான்.

"எங்கேயோ கேட்ட பேரா இருக்கு..."

பின்னாலிருந்த பெண் எழுந்து வந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் முகம் சுருங்கிவிட்டது.

"அவனுக்கா வரல? வேற யாராவது எழுதியிருப்பாங்கன்னுல்ல நெனச்சோம்."

வகுப்பு மொத்தமும் அப்படித்தான் நினைத்திருந்தது.

அன்று மாலை அந்த வகுப்புக்குக் குழுப் படம். நூலகப் படிக்கட்டில் எல்லாரும் ஏறி நின்றார்கள். பல்லு ஸ்டாண்டில் கேமராவைப் பொருத்திவிட்டு நிமிர்ந்தால், கடைசி வரிசையில் முதலாண்டுப் பெண் கைபேசியோடு நிற்கிறாள்.

"நீ எங்க அங்க? இறங்கு."

"ஒரு நிமிஷம்ணா. இங்கேருந்து எப்படித் தெரியுதுன்னு பார்க்கிறேன்."

"தெரியறதுக்கு என்ன இருக்கு? நான்தான் நிக்கிறேன்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"அதேதான், அப்படியே இருங்க. பல்லு தெரியட்டும்" என்று படத்தை எடுத்து முடித்தான்.

அச்சகத்துக்கு அனுப்பும் நாளும் வந்தது. அவள் கடைசிப் பக்கத்தை அவன் முன்னால் வைத்தாள்.

"பிழை பாருங்கண்ணா."

பல்லுவின் சிவப்பு மை படாமல் எந்தப் பக்கமும் அந்த அறையை விட்டுப் போனதில்லை. பேனாவைத் திறந்தான். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டான். பேனா தாளில் படவேயில்லை.

"தப்பு ஏதாவது இருக்காண்ணா?"

பல்லு பேனாவை மூடினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டான்.

அந்தக் கட்டத்தில், கேமராவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபடி, வாயெல்லாம் பல்லாக அவனே நின்றுகொண்டிருந்தான், தன் சொந்தப் பெயரோடு. கீழே வகுப்பு மொத்தமும் சேர்ந்து எழுதிய வரி: 'இந்தப் புத்தகத்தில் நாங்கள் எல்லாரும் பார்த்துச் சிரிப்பது இவனைத்தான்.'