பெயர் சொல்லாத பாட்டு

சுத்தியலின் முதல் அடி அபோகரின் தோளில் விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தவர், மேஜையில் இருந்த தேநீர்க் குடுவையையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தார். அறை முழுக்க ஏலக்காய் மணந்தது.

"பேரைச் சொல்லிடுங்க சித்தப்பா. அந்தப் பாட்டைக் கட்டினது யாரு?" என்றான் கூலேத்.

மினியாபொலிஸில் சோமாலியர் கடைகள் நெரியும் அந்தக் கட்டடத்தின் மாடியில்தான் அவர்களுடைய சமூக வானொலி இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் என்றால் கவிதைப் போட்டி. அகதியாய் வந்து டாக்ஸி ஓட்டுகிறவர்களும் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்களும் பாட்டுக் கட்டி அனுப்புவார்கள். அபோகர் தம் கணீர்க் குரலில் அவற்றைச் சொல்வார். பேட்டையில் எல்லோருக்கும் அவர் சித்தப்பா.

இன்று எல்லாப் பாட்டையும் கட்டியவர் பேரோடு சொன்னவர், கடைசிப் பாட்டுக்கு மட்டும் யார் பேரையும் சொல்லவில்லை. ஒரு பெண் பேசுவது போன்ற பாட்டு அது. 'விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றும் கை, கதவைச் சாத்தியதும் என் எலும்பைத் தேடும் கை, பனியில் வழுக்கினேன் என்று டாக்டரிடம் என்னைச் சொல்லவைத்த கை' என்று போனது.

எதிர்க் கட்டடத்து வீட்டில் வானொலியைக் கேட்டபடி சோறும் வாழைப்பழமுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூலேத்துக்கு அதற்குமேல் ஒரு வாய் இறங்கவில்லை. எழுந்துபோய் மனைவி ஹோதனின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். தான் கட்டவில்லை, யாரிடமும் மூச்சுவிடவில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். அவன் நம்பினால்தானே.

அவளைக் குளியலறைக்குள் தள்ளிப் பூட்டினான். "பேரு மட்டும் தெரியட்டும். உன் பேரா இருந்துச்சு, பொழுது சாயறதுக்குள்ள உன்னை அடக்கம் பண்ணிடுவேன்" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வரும் வழியில், வானொலிக் கட்டடத்துத் தாழ்வாரத்தில் கண்காட்சிக்கென்று மாட்டியிருந்த ஓவியங்களில் கைக்கு எட்டியதை எல்லாம் கிழித்துப் போட்டான். அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

"சொல்றதுக்கு யார் பேரும் இல்லப்பா" என்றார் அபோகர்.

"யாருகிட்ட கதை விடறீங்க? அடுத்தவங்க பாட்டைப் பேரு சொல்லாம எடுத்துவிட்டா அது திருட்டுன்னு, மைக்கைப் பிடிச்சு நீங்கதானே எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தீங்க?"

"இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

அடுத்த அடி கைவிரல்களில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் கூலேத்துக்கே கேட்டது. அபோகர் பல்லைக் கடித்துக்கொண்டார், பேர் மட்டும் வரவில்லை.

"உங்க பொண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டே போயிட்டா. அவளை வச்சுக் காப்பாத்தத் துப்பில்லை, நீங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு வக்காலத்து வாங்கறீங்களா?" என்று விலாவில் உதைத்தான்.

"அது உன்னைப் பத்தின பாட்டுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? போன குளிர்ல அவ மணிக்கட்டை ஒடிச்சது நான்தான். பனியில வழுக்கிட்டேன்னு டாக்டர்கிட்டச் சொல்லுடின்னு கார்லயே மனப்பாடம் பண்ணவச்சதும் நான்தான். இப்பவும் அவளைக் குளியலறையில போட்டுப் பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். அவ வாயைத் திறக்காம இதெல்லாம் எப்படிப் பாட்டுல வரும்?"

அபோகர் அவனை வெறித்துப் பார்த்தார். பிறகு மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

"குளியலறையிலயா? எதிர் டவர்ல, அந்த ஏழாவது மாடி வீட்டுலதானே?" என்று கணீரென்று கேட்டார்.

"ஆமா. அதுக்கு இப்ப என்ன?" என்று கன்னத்தில் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் தாடியில் வழிந்தது. அதற்கப்புறம் எத்தனை அடித்தான் என்று அவனுக்கே தெரியாது. மூச்சு வாங்க நின்றபோது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது.

கீழே துணிக்கடை வைத்திருக்கும் ஃபாதுமோதான். "கதவை உடைச்சாச்சு. ஹோதன் எங்ககூட இருக்கா. போலீசும் வந்துக்கிட்டிருக்கு. இந்தப் பக்கம் காலை வச்சுடாதே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கூலேத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவளுக்கு யார் சொன்னது என்று திரும்பியவன் கண்ணில் அப்போதுதான் மைக்குக்கு மேலே, ஒலிபரப்பு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு பட்டது. அவன் வந்த நேரத்திலிருந்து அது எரிந்துகொண்டுதான் இருந்தது. கீழே அத்தனை கடைகளிலும் அந்த வானொலிதான் ஓடும்.

மைக்கின் வயரைத் தேடிப் பிடுங்கிப்போட்டான்.

"என் மானத்தைக் கப்பலேத்திட்டீங்களே" என்று அபோகரின் சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுத்தியலை ஓங்கினான். "கடைசியாக் கேக்கறேன். அந்தப் பாட்டைக் கட்டினது யாரு?"

"நான்தான்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. "நீங்களா? என் வீட்டு விஷயத்தைப் பாட்டாக் கட்ட உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?"

அபோகர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். அழுகிறாரா என்று தெரியவில்லை, முகம் முழுக்க ஈரமாக இருந்தது.

"அது உன் வீட்டு விஷயம் இல்லப்பா. என் வீட்டு விஷயம்."