கோட்டுக்கு வெளியே

"வேணாம்டி, சொன்னாக் கேளு. சூட்கேஸைக் கார்ல வச்சாச்சு. போகப்போற மனுஷன்கிட்ட இப்ப எதுக்கு இந்த விளையாட்டு?"

டென்னிஸ் கோர்ட்டின் ஓரத்துப் பெஞ்சிலிருந்து பல் டாக்டர் கிசுகிசுத்தாள். மருந்துக்கடைக்காரிக்கு அந்தக் கிளப்பில் இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

மருந்துக்கடைக்காரி குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு செட் ஆடிட்டுப் போகட்டும்" என்றாள் நிமிராமலே.

"ஆடினா மனசு மாறிடுமா?"

"தெரியல. எனக்கு வேற வழியும் தெரியல."

கிளப்பில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற போட்டி அது. தம்பதிகள்தான் ஆட வேண்டும். ஆனால் ஒரே அணியாக அல்ல, எதிரெதிராக. நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவரே உள்ளே, வெளியே என்று சொல்லிக்கொள்ள வேண்டும். 'புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு நடுவுல எவன் நாற்காலி போட்டு உட்காருவான்?' என்பது கிளப் செயலாளரின் நியாயம்.

கம்பி வேலிக்கு வெளியே காரில் அவள் கணவரின் அண்ணன் காத்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் தம்பியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். "அவனேதாம்மா கேட்டான். அங்கதான் நிம்மதியா இருக்குமாம். நான் என்ன பண்ணட்டும்?" என்று காலையில் அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருந்தார்.

போனால் போனதுதான். திரும்பி வரமாட்டார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"ஆரம்பிக்கலாமா? நீங்க ரெடியா?"

வலைக்கு அந்தப் பக்கமிருந்து கணவரின் குரல். மறுபடியும் அந்த 'நீங்க'.

சில மாதங்களாக வீட்டில் இதே மரியாதைதான். தனி அறையில் படுக்கை. அவள் இருக்கும் அறைக்குள் வருவதென்றால் கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். மறந்தும் குரல் உயராது. ராத்திரியில் அவர் நடமாடும் சத்தம் கேட்டால் இவள் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பாள். அடுத்து வாசல் கதவு திறக்குமோ, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுவாரோ என்று ஒவ்வொரு காலடிக்கும் உயிர் போய் வரும்.

ஆட்டம் தொடங்கியது. அவர் அடி பழைய அடிதான். இடது பக்கம் இழுத்துவிட்டு, வலது மூலைக்குப் பந்தை வழித்து அனுப்பினார். கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்து எகிறியது.

"அவுட்!" என்றாள் அவள்.

வேடிக்கை பார்த்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஆரம்பிச்சிட்டாங்கய்யா!" என்றார் செயலாளர்.

அவரும் சிரித்தார். "அப்படியா? நீங்க சொன்னாச் சரிதான்."

அவள் அடுத்த பந்துக்கு மட்டையை ஏந்திக்கொண்டாள்.

அடுத்த பந்து இன்னும் உள்ளே விழுந்தது. "அவுட்!"

"பரவால்லைங்க" என்றபடி பந்தைப் பொறுக்கப் போனார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

பக்கம் மாறும்போது பல் டாக்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "போதும்டி, விடு. எவ்வளவு தன்மையா நடந்துக்கிறார் பாரு. இந்த மரியாதை எந்தப் பொண்டாட்டிக்குக் கிடைக்கும்?"

"அதைப் பார்த்தாத்தான் எனக்குக் குலை நடுங்குது."

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். வெளியே காரின் ஹாரன் ஒருமுறை ஒலித்தது. கிளம்ப நேரமாகிவிட்டது.

கடைசி பாயிண்ட். அவர் அடித்த பந்து நிதானமாக மிதந்து வந்து, அவள் காலடிக்குப் பக்கத்தில், குருடனுக்கும் தெரிகிற மாதிரி கோட்டுக்கு உள்ளே விழுந்து, மூலை வேலியில் போய் மோதியது. அவள் மட்டையைத் தூக்கக்கூட இல்லை.

பலம் எல்லாம் திரட்டிக் கத்தினாள்:

"அவுட்!"

அவர் அசையவில்லை. சிரிப்பு மெல்ல மெல்ல முகத்தைவிட்டு இறங்கியது. பந்து விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றி நரம்பு புடைத்தது. மட்டை தரையில் மோதித் தெறித்தது. விடுவிடுவென்று வலையை நோக்கி வந்தார்.

பல் டாக்டர் எழுந்துவிட்டாள். கார்க் கதவு படாரென்று திறந்தது. அண்ணன் ஓடி வந்தார். அவள் மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"அடி கள்ளி!" கோர்ட்டே அதிர்ந்தது. "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு உனக்கு? போன வருஷமும் இதே மூலையிலதானே ஏமாத்துன? ஏமாத்திட்டு, 'தோத்தாங்கோளி, தோத்தாங்கோளி'ன்னு வீடு வரைக்கும் பாடிக்கிட்டு வேற வந்த!"

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஓடி வந்த அண்ணன் வேலி வாசலிலேயே வாய் பிளந்து நின்றார்.

மாடிப்படியில் உருண்டு விழுந்து, தலையில் தையலோடு ஆஸ்பத்திரியில் கண் திறந்த அன்று அவளைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று கேட்டவர், வலைக்கு மேலே விரலை நீட்டி, போன வருஷத்துச் சண்டையை விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொண்டிருந்தார்.