தண்ணீரைக் கொட்டுவதற்கு முன்

முருகம்மாள் செத்துப்போனது அப்போது அவள் புருஷன் கருத்தக்கண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

விடிந்ததும் எழுப்பப் போனவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். இரண்டு மாதமாகக் காய்ச்சலில் கொதித்த உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. வாய்விட்டு அழ நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. கட்டிலுக்கு எதிரே இருந்த கண்ணாடித் தொட்டி கண்ணில் பட்டதும் சத்தத்தை அப்படியே விழுங்கினான்.

அழுதால் ஊர் கூடிவிடும். ஊர் கூடினால் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள்.

சாவு விழுந்த வீட்டில் இருந்த தண்ணீர் ஆகாது. பானை, குடம், அண்டா என்று ஒன்று விடாமல் தெருவில் கவிழ்த்துவிட்டு, பெண்கள் வீட்டைக் கழுவிவிடுவார்கள். அந்த நேரத்தில் போய், இந்தத் தொட்டியை மட்டும் விட்டுவிடுங்கள், குஞ்சு கிடக்கிறது என்று கேட்க முடியுமா? பெண்டாட்டியைப் பிணமாகப் போட்டுவிட்டு மீனுக்குப் பரிந்து பேசுகிறான் என்று காறித் துப்புவார்கள்.

தொட்டி மேகமலையிலிருந்து வந்தது. அவன் சின்னமனூரிலிருந்து எஸ்டேட்டுக்கு வண்டி ஓட்டுகிறவன். ஜெர்மனிக்காரனோடு சண்டை மூண்டதும் துரை கப்பலேறினான். நாற்காலி, மேஜை, கட்டில் என்று ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கருத்தக்கண்ணனுக்கு விவரம் போதாது. கண்ணாடித் தொட்டியையும் அதில் கிடந்த இரண்டு பள்ளத்தி மீன்களையும் கேட்டு வாங்கி வந்தான். மலையாளத்து மீன். மஞ்சள் உடம்பில் நடுவே ஒரு கரும்புள்ளி.

பிள்ளையில்லாத வீடு. காய்ச்சலில் படுத்த பிறகு முருகம்மாளுக்கு அந்தத் தொட்டிதான் எல்லாம். முன்பு போட்ட முட்டை ஒன்றும் தேறவில்லை. இந்த முறைதான் குஞ்சுகள் பொரித்து, மணல் குழியிலிருந்து எழும்பி நீந்தத் தொடங்கியிருந்தன. அவை பெரிய மீன்களின் உடம்பைக் கொத்துவதைப் பார்த்து முதலில் பயந்துபோனாள். நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பால் குடிக்குதுக" என்றாள். அன்றைக்கு முழுவதும் அவள் முனகவே இல்லை.

அவள் சொன்னதில் பெரிய தப்பில்லை. பெரிய மீன்களின் மேல் ஊறும் வழவழப்பைத் தின்றுதான் குஞ்சுகள் வளர்ந்தன. பிரித்துவிட்டால் பிழைக்காது.

அவன் தவலையைக் கையில் எடுத்தபோது வாசலில் காலடி கேட்டது. பக்கத்து வீட்டு மூக்கம்மாள், அவன் அண்ணன் பெண்டாட்டி, கஞ்சிச் செம்போடு நின்றாள். வழியை அடைத்துக்கொண்டு நின்று செம்பை வாங்கினான்.

"தூங்குறா மதினி."

மூக்கம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தவலையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

பெரியது இரண்டையும் பிடித்துத் தவலையில் விட்டான். குஞ்சுகள் மிரண்டு மணலோடு மணலாக ஒட்டிக்கொண்டன. கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஊற்றினான். ஒரு தடவை கொட்டாங்கச்சி சாய்ந்து, தண்ணீர் முருகம்மாளின் கையில் தெறித்தது. குளிருமே என்று பதறித் துடைத்தான். துடைத்து முடித்த பிறகுதான் விளங்கியது. கொஞ்ச நேரம் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட வழியில்லை. பங்காளி வீட்டுத் தண்ணீரையும் இன்றைக்குக் கொட்டித்தான் ஆக வேண்டும். வேதக்கோயில் பக்கத்தில் சோடாக்கடை வைத்திருக்கும் சாராள் வீட்டுக் கொல்லையில் ஒரு கல்தொட்டி உண்டு. கதவைச் சாத்திவிட்டு, தவலையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தான். அவளை ஒற்றையாகப் போட்டுவிட்டு வந்தோமே என்று வழியெல்லாம் மனது அடித்துக்கொண்டது.

சாராள் தொட்டியைக் காட்டிவிட்டு, "முருகம்மாளுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"காச்ச விட்டுருச்சு."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குள் போனாள்.

தவலையை மெல்லச் சாய்த்தான். குஞ்சுகள் திக்குத் திக்காகச் சிதறின. பெரிய மீன்கள் இரண்டும் பாசிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. எல்லாம் கெட்டது என்று நினைத்தான். போகவும் மனது வரவில்லை, நிற்கவும் முடியவில்லை.

வெயில் தொட்டிக்குள் இறங்கிய பிறகு ஒரு மீன் வெளியே வந்தது. பின்னாலேயே மற்றதும் வந்தது. அடித்துடுப்பைப் படபடவென்று ஆட்டின. எங்கெங்கோ கிடந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக வந்து கூடின. ஒன்று துணிந்து, பெரிய மீனின் விலாவில் வாய் வைத்தது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் ஓடிப்போய் அவளிடம் சொல்லியிருப்பான். இனி இதையெல்லாம் சொல்ல இந்த ஊரில் அவனுக்கு ஒருவரும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியபடியே இருந்தது. தள்ளித் திறந்தான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் மூக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். முருகம்மாளின் தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியாயிற்று. நெற்றியில் புதிதாகக் குங்குமம் வைத்திருந்தது.

அவன் வெறும் தவலையைத் தரையில் இறக்கி வைத்தான்.

"குஞ்செல்லாம் பொழச்சுக்கிருமா கொழுந்தனாரே?" என்று மூக்கம்மாள் தணிந்த குரலில் கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான்.

அவள் எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் மாரில் அடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி முதல் குரலை எடுத்தாள்.