சுல்தானின் மானம்

"ஒன்பது வயசு சிங்கத்துக்குக் கத்தி வெக்கறதா? ஆம்பள மானம் இன்னா ஆவறது?" என்று கர்ஜித்தார் கோவிந்தசாமி. அவர் சிங்கம் என்று சொன்ன நாய் சுல்தான், காலடியில் கொட்டாவி விட்டது.

"புராஸ்டேட் வீங்கியிருக்கு சார். விதையை எடுத்துட்டா பொழைச்சிக்கும்" என்றாள் வீட்டுக்கு வந்திருந்த கால்நடை டாக்டர் வெண்ணிலா.

சத்தம் கேட்டு, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டல் லைனே வாசலில் கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டதும் கோவிந்தசாமிக்குச் சுருதி ஏறியது. "ஷாஃப்டுல எறங்கி வேலை செஞ்சவன் சொல்றேன், ஆபரேஷன் பண்ணா ஆம்பள மூலையில சுருண்டுடுவான். வீரம் பூடும், கொரலு பூடும்!"

டாக்டர் அவர் மனைவி சாரதாவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க ஆன்ட்டி."

"ஒண்ணும் போவாதும்மா" என்றாள் சாரதா, கீரை ஆய்ந்தபடியே. "எங்க சின்னவ பொறந்ததும் இவருக்குக் குடும்பக் கட்டுப்பாடு பண்ணாங்க. கொரலா போச்சி? தெருவே கேட்டுக்கினு கீது!"

இரண்டும் வேறு வேறு ஆபரேஷன் என்று சொல்ல வாயெடுத்த டாக்டர், நாயின் நன்மையை எண்ணி மூடிக்கொண்டாள்.

கோவிந்தசாமிக்கு அப்போதுதான் முதல்முறையாகக் குரல் போயிற்று. "சரி, இட்டுனு போங்க டாக்டர்" என்று முனகினார். சுல்தான் வாலை ஆட்டிக்கொண்டே டாக்டரோடு கிளம்பியது.

வாசலே சிரித்துக் குலுங்க, பக்கத்து வீட்டுத் தாயம்மா மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இருப்பா கோவிந்தசாமி! சின்னவ பொறந்தப்போ சுரங்கத்துல பாறை உழுந்துச்சினு ஒரு வாரம் படுத்துனு இருந்தியே, அது இதானா? அடப்பாவி, இதுக்கா என் முட்டைக் கோழிய அடிச்சி சூப்பு வெச்சிக் குடுத்தேன்!"