ரிவர்ஸ் ஹாரன்

வெட்டியெடுத்த பாதத்தின் கட்டைவிரல் இன்றைக்கும் விண்விண்ணென்று வலித்தது. குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தான் இருளப்பன். விபத்துக்குப் பிறகு கம்பெனி கொடுத்த வேலை. கூட மூட்டை தூக்கியவர்கள் அந்தக் காலைப் பார்க்கக் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். உள்ளே மூட்டை அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ரிவர்ஸ் வரும்போதெல்லாம் பீப் பீப்பென்று கத்தியது.

மத்தியானம் செலஸ்டின் வந்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது இருளப்பன் காலில் ஃபோர்க்லிஃப்டை ஏற்றிய டிரைவர். ஹாரன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டினான் என்று வேலையை விட்டுத் துரத்தியிருந்தார்கள். கையில் பரோட்டா பொட்டலம்.

"சத்தம் வரலைன்னு நான் கவனிச்சிருக்கணும்ணே. மன்னிச்சிருண்ணே."

சாப்பாட்டு வேளையில் மூட்டைச் சந்தில் நிம்மதியாகத் தூங்க, யாராவது ஒருவர் அந்த ஒயரைக் கழற்றுவதும் எழுந்ததும் மாட்டுவதும் அங்கே வழக்கம். அன்றைக்குக் கழற்றியவன் இருளப்பன். மாட்ட மறந்துவிட்டான். வெளியே தெரிந்தால் இந்த ஸ்டூலும் போய்விடும்.

"வேற எங்கயாச்சும் வண்டி குடுத்தாங்களாடா?"

"காலை நசுக்குனவன்கிட்ட எவன்ணே சாவியக் குடுப்பான்? சாப்டுண்ணே, ஆறிப்போகும்."

இருளப்பன் முழுப் பொட்டலத்தையும் தின்று முடித்தான். செலஸ்டினுக்கு அவன் தரவேண்டியது ஒரு வாக்கியம்தான்: ஒயரைக் கழற்றினது நான். அது இன்னும் பாக்கி.