சோடா கொண்டாடிய வினிகர்

சமையல் மேடையில் இரண்டு டம்ளர்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் வினிகர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் வினிகரின் காட்டமான வாடைக்கு எறும்பு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது. அதில் வினிகருக்கு ஏகப் பெருமை.

ஒருநாள் ஆப்ப சோடா வந்தது. ஒரு சிட்டிகை தண்ணீரில் குதித்தது, சத்தமில்லாமல் கரைந்தது. இன்னொரு சிட்டிகை வினிகரில் குதித்ததோ இல்லையோ, புஸ்ஸென்று நுரை பொங்கி வழிந்தது.

“பார்த்தியா தண்ணி? என்னைக் கண்டதும் சோடாவுக்கு என்ன துள்ளல்! உன்னை யாராவது இப்படிக் கொண்டாடியிருக்காங்களா?”

“இல்லப்பா,” என்றது தண்ணீர்.

வினிகருக்குத் தலைகால் புரியவில்லை. “இன்னும் வா, இன்னும் வா!” என்று சோடாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் நுரை அடங்கியது.

எறும்பு எட்டிப் பார்த்தது.

“ஏய், கிட்ட வராதே! நான் யார் தெரியுமா?” என்று அதட்டியது வினிகர்.

எறும்பு மோந்து பார்த்தது. “தெரியலியே. ரெண்டுமே தண்ணிதானே?” என்றபடி காலை நனைத்தது.