பல்லி கொடுத்த உத்தரவு

“பல்லி சொன்னாத்தான் நீ வேலைக்குப் போலாம் கண்ணு. இல்லீன்னா இல்ல,” என்று அறிவித்துவிட்டார் அரங்கசாமி.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் தீப்பாதுகாப்பு அதிகாரி வேலை. மகள் பிரவீனா அதற்கென்றே படித்து, நாலு ஊர் அலைந்து வாங்கிய வேலை. வருகிறேன், வரவில்லை என்று இன்று பன்னிரண்டு மணிக்குள் பதில் போட்டாக வேண்டும்.

மணி பதினொன்று.

சோமனூரில் இருபது தறி ஓட்டுகிற மனிதர், மூன்று நாளாகத் தறியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஹால் சுவரைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். பல்லியோ ட்யூப்லைட்டுக்குப் பின்னால் கொசு பிடிப்பதோடு சரி. வாயைத் திறக்கவில்லை.

“பல்லிக்கே புடிக்கலீங்க,” என்றாள் அம்மா பாவாத்தாள். “பொம்பளப்புள்ளைக்கு நெருப்புக்குப் பக்கத்துல என்ன வேலை? பேசாம உள்ளூரு பேங்குல சேத்துங்க.”

பிரவீனாவுக்கு அப்பாவைவிட அம்மா மேல்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற தாய் ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

கோபம் வந்தால் அவள் வீட்டைச் சோதனை போட ஆரம்பித்துவிடுவாள். நேராகச் சமையலறைக்குப் போனாள்.

“அப்பா, இங்க வாங்க! இந்த கேஸ் ட்யூபுக்குத் தேதி முடிஞ்சு ஒன்றரை வருஷமாச்சுங்க!”

“நல்லாத்தான இருக்குது?” என்று முணுமுணுத்தபடியே அரங்கசாமி உள்ளே போனார்.

“ஒரே பிளக்குல பிரிட்ஜு, மிக்சி, கிரைண்டரு. காமாட்சி விளக்குக்கு நேர் மேல காலண்டரு. நம்மூட்டுல தீப்பிடிக்காம இருக்கறதே அதிசயமுங்க.”

“எல்லாந்தான் புகை அலாரம் பாத்துக்குமே!”

அந்த அலாரத்தின் கதை தெருவுக்கே தெரியும். வாங்கிக் கொடுத்தது பிரவீனா. மாட்டியது அரங்கசாமி. அக்னி சமாச்சாரம் அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று அடுப்புக்கு நேர் மேலே மாட்டிவிட்டார். பாவாத்தாள் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் தெரு திரண்டு வந்தது. கடைசியில் பிரவீனாதான் அதைக் கழற்றி ஹால் கூரையில் நடுவாக வைத்தாள். “புகை மேலதானுங்கப்பா போவும். வாஸ்து பாத்தா போவும்?” என்று அன்றைக்கும் ஒரு சண்டை நடந்தது.

கேஸ் ட்யூப் சண்டையும் ஓய்ந்து, இருவரும் ஹாலுக்குத் திரும்பினார்கள். பாவாத்தாள் சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அரங்கசாமி மறுபடி கைகூப்பினார். “பல்லியாண்டவரே, புள்ளைய அனுப்பட்டுமா?”

“கீச்!”

அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “பாவாத்தா! கேட்டியா?”

“எனக்கொண்ணும் கேக்கலீங்க.”

“எனக்குக் கேக்குது, உனக்குக் கேக்கலியா? காதுல என்ன வெச்சிருக்கற?” முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் தேய்ந்த காதுக்காரர் கேட்ட கேள்வி இது.

“கீச்!”

பிரவீனா நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். இது பல்லி இல்லை. தலைக்கு மேலே இருக்கிற அலாரம். பேட்டரி தீரப்போகிறது, மாற்று என்று கத்துகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதானே புதுசு போட்டாள்?

உண்மையைச் சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால், ஊரைத் தீயிலிருந்து காப்பாற்றப் போகிறவள் பெற்ற அப்பனை ஏமாற்றியல்லவா கிளம்ப வேண்டும்? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அப்பா, அது வந்துங்க...”

“பேசாத கண்ணு. மூணு தடவ சொல்லோணும்.”

“கீச்!”

ட்யூப்லைட்டுக்குப் பின்னாலிருந்த நிஜப் பல்லி தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

“ஆச்சு, உத்தரவாயிருச்சு! போ அம்மணி, பதிலப் போட்டுவுடு,” என்ற அரங்கசாமி அத்தோடு நிற்கவில்லை. “அப்பறம் சாமி, தோட்டத்துல புதுசா போர் ஓட்டுனாத் தண்ணி வருமா?”

“கீச்!”

“அப்பா! ஒரு நாளைக்கு ஒரு கேள்விதானுங்க!” என்று பிரவீனா அலறினாள்.

“அதும் செரித்தான்.” சந்தோஷத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, மைசூர்பாகு வாங்கக் கிளம்பிவிட்டார் மனிதர்.

பிரவீனா பதிலை அனுப்பினாள். உடனே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலாரத்தைத் திருகிக் கழற்றினாள்.

உள்ளே இருந்தது பழைய பேட்டரி. மேலே அவள் கையெழுத்திலேயே போன வருஷத் தேதி இருந்தது. “தீந்துபோனா பல்லியாட்டம் இப்படித்தான் கத்தும், குப்பைல போட்டுரும்மா” என்று ஞாயிற்றுக்கிழமை அம்மா கையில் கொடுத்த அதே பேட்டரி.

கீழே பார்த்தாள். பாவாத்தாள் கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துப் புது பேட்டரியை எடுத்து நீட்டினாள்.

“அம்மா... நீ வேண்டாம்னுதானே சொல்லிட்டே இருந்தே?”

“நான் அனுப்பலாமுன்னு சொல்லியிருந்தா, உங்கப்பா மொத நாளே முடியாதுன்னிருப்பாரு.”

பிரவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேட்டரியை வாங்கினாள். பாவாத்தாள் ஸ்டூலின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“அழுவாம மாட்டிப்போட்டு எறங்கு கண்ணு, நாங் கெட்டியாப் புடிச்சுக்கறேன். சித்த முன்னால நீங்க ரண்டு பேரும் அடுப்படில சண்டை போட்டப்ப, புடிக்க ஆளில்லாம ஒத்தையில ஏறி, எனக்குக் காலு வெடவெடன்னு ஆடிப்போச்சு.”